லைவ் டிவிடி: பூட் மெனுவில் கீபோர்டு வேலை செய்கிறது, டெஸ்க்டாப் வந்ததும் உயிரே இல்லை

அரைகுறை_லினக்ஸ்

வணக்கம் நண்பர்களே. பரணில் கிடந்த டெஸ்க்டாப் ஒன்றை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். ஏஎம்டி சிபியு போடும் ஏஎம்3+ சாக்கெட் மதர்போர்டு, 8 ஜிபி ராம், சாட்டா டிவிடி டிரைவ். விண்டோஸ் 7 இன்னும் அதில் ஓடுகிறது. அக்கா மகன் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கலாம் என்று 64 பிட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை லைவ் டிவிடியாக (நிறுவாமலே டிவிடியிலிருந்து நேராக ஓட்டிப் பார்க்க) ரைட் செய்தேன்.

பூட் மெனு வருகிறது. அம்புக்குறி மேலும் கீழும் போகிறது, என்டர் தட்டினால் ஏற்கிறது. லோகோ வந்து, கொஞ்ச நேரத்தில் டெஸ்க்டாப்பும் வந்துவிடுகிறது. அதோடு சரி. கீபோர்டில் எதைத் தட்டினாலும் பதில் இல்லை. மெனுவில் எரிந்துகொண்டிருந்த நம்பர் லாக் விளக்கும் அணைந்துவிடுகிறது. மவுஸ் அம்பு நட்டநடுவில் நிற்கிறது. இரண்டுமே யுஎஸ்பி. வேறு கீபோர்டு மாட்டியும் அதே கதைதான். விண்டோஸில் எல்லாம் ஜோராக வேலை செய்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வேகமானி

பூட் மெனுவில் கர்னலுக்கு (லினக்ஸின் மையப் புரோகிராம்) கொடுக்கும் வரியில் ஏசிபிஐ=ஆஃப், நோஏபிக், நோலேபிக் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். எனக்கு ஒரு பழைய மெஷினில் இதுதான் கைகொடுத்தது. இல்லாவிட்டால் வேறு டிஸ்ட்ரோ (வேறு லினக்ஸ் பதிப்பு).

பெங்குவின்_தாத்தா

வேகமானி, கொஞ்சம் பொறுங்கள். மூன்றையும் ஒன்றாகப் போட்டு, தப்பித்தவறி வேலை செய்துவிட்டால், எது சரி செய்தது என்று கடைசிவரை தெரியாது. ஏசிபிஐ என்பது மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று போர்டு கர்னலுக்குச் சொல்லும் ஏற்பாடு. அதை அணைத்தால் மின்சக்தி நிர்வாகம் போகும், பல போர்டுகளில் ஒரு கோர் மட்டும்தான் ஓடும். இப்போதைய லேப்டாப்பில் அணைத்தால் டச்பேடையும் சேர்த்து இழக்க நேரிடும். ஐ2சி என்ற உள் இணைப்பு வழியாக வரும் டச்பேட் எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்வதே ஏசிபிஐ அட்டவணைதான்.

தம்பி அரைகுறை, உங்கள் பதிவில் நல்ல தடயம் ஒன்று இருக்கிறது. மெனுவில் வேலை செய்தது, பிறகு செத்தது. கீபோர்டு ஒருவர் கையிலேயே இருப்பதில்லை. மெனு வரும்வரை அது பயாஸின் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) பொறுப்பு. உங்களுடையது யுஎஸ்பி கீபோர்டாக இருந்தாலும், பயாஸ் அதைப் பழைய பிஎஸ்/2 கீபோர்டு போல நடிக்க வைத்து பூட் லோடருக்கு (மெனுவைக் காட்டி கர்னலை ஏற்றும் புரோகிராம்) காட்டுகிறது. பயாஸில் 'லெகசி யுஎஸ்பி சப்போர்ட்' என்று ஒரு வரி இருக்குமே, அதன் வேலை இது. கர்னல் ஏறியதும் யுஎஸ்பி கன்ட்ரோலரை பயாஸிடமிருந்து அதிகாரபூர்வமாக வாங்கிக்கொள்கிறது. அந்த நொடியில் நடிப்பு முடிந்துவிடும். அதன்பின் கர்னலின் சொந்த டிரைவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: கன்ட்ரோலருக்கு ஓஎச்சிஐ, இஎச்சிஐ, எக்ஸ்எச்சிஐ வகையறா, கீபோர்டுக்கு யுஎஸ்பிஎச்ஐடி. அதற்கும் மேலே, டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டி, தட்டுவதை அதற்குக் கொண்டுசேர்க்கும் எக்ஸ் சர்வர் உட்கார்ந்திருக்கிறது.

உங்களுக்கு நடந்தது இதுதான்: பழைய குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார், புதியவர் கைக்குச் சாவி வந்து சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதுதான் கேள்வி. சாவி எக்ஸ் வரை வந்து அங்கே தொலைந்ததா, கர்னலுக்கே வரவில்லையா என்பதை முதலில் பிரித்துவிடலாம்.

டெஸ்க்டாப் வந்தபின் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறுகிறதா? அப்புறம் கேபினட்டில் உள்ள பவர் பட்டனை லேசாக ஒருமுறை அழுத்துங்கள், பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. 'அணைக்கவா?' என்று பெட்டி வருகிறதா? இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

சர்வீஸ்_கடை

தாத்தா சொன்னதோடு இன்னொன்று. கேப்ஸ் லாக்கும் ஸ்க்ரோல் லாக்கும் தாமாகவே விட்டுவிட்டு மின்னினால் அது கர்னல் பேனிக், அதாவது கர்னலே நிலைகுலைந்து நின்றுவிட்டது, கீபோர்டு பிரச்சினையே இல்லை. ஆனால் பிஎஸ்/2 கீபோர்டில்தான் அப்படி மின்னும், யுஎஸ்பியில் எதிர்பார்க்க வேண்டாம்.

டிவிடி டிரைவ் பழசு என்றால் அவசரப்படாதீர்கள். கடைக்கு வரும் கேஸ்களில் நிறைய பேர் 'ஹேங் ஆகிவிட்டது' என்பார்கள். பார்த்தால் டிரைவ் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். லைவ் டிவிடியில் ஒவ்வொரு புரோகிராமும் சுருக்கி வைத்த ஒரே பெரிய ஃபைலிலிருந்து பிரிந்து வர வேண்டும். லென்ஸில் தூசி படிந்த டிரைவ் என்றால் தட்டிய எழுத்து ஆற அமரத்தான் திரைக்கு வரும். விளக்கு அணையும்வரை காத்திருந்து பாருங்கள்.

அந்தக் காலத்து போர்டுதானே, பின்னால் வட்டமாக ஒரு பிஎஸ்/2 துளை இருக்கும். ஊதா என்றால் கீபோர்டு, பச்சை என்றால் மவுஸ், பாதி பாதி நிறமாக இருந்தால் எதையும் சொருகலாம். ஒரு பிஎஸ்/2 கீபோர்டு தேடிப் பிடியுங்கள். ஆன் செய்வதற்கு முன்பே சொருகிவிட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது சொருகவோ பிடுங்கவோ கூடாது.

நள்ளிரவு_டெர்மினல்

யுஎஸ்பி கீபோர்டிலேயே அந்தச் சின்னப் பச்சை/ஊதா கன்வர்ட்டரை மாட்டி பிஎஸ்/2 துளையில் போடக் கூடாதா?

சர்வீஸ்_கடை

எல்லா கீபோர்டிலும் ஆகாது. அந்தக் கன்வர்ட்டருக்குள் சிப் கிடையாது, வெறும் கம்பி இணைப்புதான். கீபோர்டே இரண்டு மொழியும் பேசத் தெரிந்ததாக இருந்தால் மட்டும் ஓடும். கீபோர்டோடு பெட்டியிலேயே கன்வர்ட்டர் வந்திருந்தால் நம்பலாம். இப்போது விற்கும் மலிவு கீபோர்டுகள் பெரும்பாலும் யுஎஸ்பி மட்டும்தான் பேசும்.

அரைகுறை_லினக்ஸ்

அனைவருக்கும் நன்றி. தாத்தா கேட்டதைப் பார்த்துவிட்டேன். கேப்ஸ் லாக் விளக்கு எரியவே இல்லை. பவர் பட்டனை அழுத்தினால் லாக் அவுட், ரீஸ்டார்ட், ஷட் டவுன் உள்ள பெட்டி வருகிறது. கீழே கடிகாரமும் ஓடுகிறது. டிரைவ் விளக்கு அணைந்த பிறகும் இதே நிலைதான்.

பிஎஸ்/2 கீபோர்டு தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். வர நேரமாகும். அதற்குள் மூன்று விஷயம் கவனித்தேன், சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

டிவிடியில் எழுதிய அதே ஐஎஸ்ஓ ஃபைலை பென்டிரைவில் போட்டு பூட் செய்தால் டெஸ்க்டாப் வரைகூடப் போவதில்லை. லைவ் ஃபைல் சிஸ்டம் இருக்கும் மீடியத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து, இனிட்ராம்எஃப்எஸ் என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. அடுத்தது, நெட் கேபிளும் டிவிடியிலிருந்து பூட் செய்யும்போது வேலை செய்யவில்லை. ரூட்டர் பக்கம் விளக்கு எரிகிறது, ஆனால் டெஸ்க்டாப் மூலையில் இணைப்பு வருவதில்லை. மூன்றாவது, பெட்டியில் பழைய 32 பிட் பப்பி லினக்ஸ் சிடி ஒன்று இருந்தது. அதைப் போட்டால் கீபோர்டு, மவுஸ் இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன!

வேகமானி

அப்புறம் என்ன, பப்பியையே போட்டுக் கொடுத்துவிடுங்கள். :)

பெங்குவின்_தாத்தா

தம்பி, சம்பந்தம் இல்லையா? விடையே அந்த மூன்றில்தான் இருக்கிறது.

பென்டிரைவ் செய்தியைப் பாருங்கள். மெனுவையும் கர்னலையும் பென்டிரைவிலிருந்து படித்துக் கொடுத்தது பயாஸ். கர்னல் தன் காலில் நின்றதும் அதே பென்டிரைவைத் தேடுகிறது, காணோம் என்கிறது. அதாவது அதற்கு யுஎஸ்பி பக்கம் எதுவுமே தெரியவில்லை. டிவிடி சாட்டாவில் இருப்பதால் அது மட்டும் தப்பித்து டெஸ்க்டாப் வரை வந்தது. கீபோர்டு குற்றவாளி இல்லை, மவுஸும் இல்லை. எக்ஸ் பக்கமும் போக வேண்டியதில்லை.

யுஎஸ்பியோடு நெட்வொர்க் கார்டும் படுத்திருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி டிரைவர், தனித்தனி சிப். இரண்டுக்கும் பொதுவானது, சிபியுவைத் தொந்தரவு செய்யாமல் ராமில் நேரடியாக எழுதும் டிஎம்ஏ. 32 பிட்டில் ஓடி 64 பிட்டில் படுக்கிறது என்றால் என் சந்தேகம் ஐஓஎம்எம்யூ மேல்தான். சாதனங்கள் ராமின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று நடுவில் நின்று மொழிபெயர்க்கும் பகுதி அது. இந்த சாக்கெட்டுக்கு உரிய ஐஓஎம்எம்யூ டிரைவர் 64 பிட் கர்னலில் மட்டுமே உண்டு, 32 பிட் கர்னலுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏஎம்3+ காலத்து போர்டுகள் சிலவற்றில் பயாஸில் அது 'டிசேபிள்' என்று வரும். அப்படி இருக்கும்போது 4 ஜிபிக்கு மேல் ராம் உள்ள மெஷினில் யுஎஸ்பியும் நெட்வொர்க்கும் படுத்துவிடுவது பலரும் பட்ட விஷயம்.

பிஎஸ்/2 கீபோர்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மெனுவில்தான் கீபோர்டு வேலை செய்கிறதே, அங்கேயே ஒரு சொல் சேர்த்துப் பார்க்கலாம். மெனு கிரப் என்ற பூட் லோடருடையது என்றால், முதல் வரியின் மேல் நின்று ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீள வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடம் விட்டு, ஐஓஎம்எம்யூ=சாஃப்ட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதி எஃப்10 அடியுங்கள். பழைய பாணி ஐசோலினக்ஸ் மெனு என்றால் 'ஈ'க்குப் பதில் டேப், முடித்ததும் என்டர். மின்டில் பத்து வினாடி எண்ணிக்கொண்டு அதுபாட்டுக்குப் போய்விடும், எண்ணும்போதே ஏதாவது ஒரு விசையைத் தட்டினால்தான் மெனு நிற்கும். வரியில் உள்ள 'குவையட் ஸ்பிளாஷ்' இரண்டையும் அழித்துவிடுங்கள். லோகோவுக்குப் பதில் கர்னல் பேசுவது திரையில் ஓடும்.

இது தற்காலிகம்தான், டிவிடியில் எதுவும் மாறாது. தப்பாக எழுதினாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி வந்துவிடும்.

மல்லிகை_டெர்மினல்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது புது லேப்டாப், ரைசன் சிப். லைவ் யுஎஸ்பியில் பூட் ஆகிறது, டச்பேட் ஓடுகிறது, வெளியே மாட்டிய யுஎஸ்பி கீபோர்டு ஓடுகிறது, லேப்டாப்பின் சொந்த கீபோர்டு மட்டும் இல்லை. எனக்கும் இந்த ஐஓஎம்எம்யூதானா?

பெங்குவின்_தாத்தா

இல்லை அம்மா, உங்களுடையது வேறு ஜாதி. நிறைய லேப்டாப்புகளில் உள் கீபோர்டு இன்றும் ஐ8042 என்ற பழைய பிஎஸ்/2 வழியில்தான் இணைந்திருக்கிறது. யுஎஸ்பி பக்கம் அதற்கு வேலையே கிடையாது. அந்த கீபோர்டு கர்னலைக் கூப்பிடுவது இன்டரப்ட் 1 என்ற அழைப்பு மணி வழியாக. ஜென்3+, ஜென்4 சிப் வைத்து 2022 முதல் வந்த லேப்டாப்புகள் சிலவற்றில், அந்த இன்டரப்ட் எப்படி ஒலிக்கும் என்று ஏசிபிஐ அட்டவணை ஒன்று சொல்ல, கர்னல் பழைய பழக்கப்படி வேறொன்றாக மாற்றி வைத்துக்கொண்டது. கீபோர்டு கூப்பிடும், கர்னல் காதில் விழாது. அதன் பின் வந்த கர்னல்களில் இதைத் திருத்தினார்கள், சில மாடல்களுக்குத் தனித்தனியாக விதிவிலக்கும் சேர்த்தார்கள். ஆகவே முதல் வைத்தியம் புது கர்னல் உள்ள லைவ் ஐஎஸ்ஓ. நீண்டகால ஆதரவுப் பதிப்பின் முதல் ஐஎஸ்ஓவை விட்டுவிட்டு, அண்மையில் வந்த டிஸ்ட்ரோ எதையாவது போட்டுப் பாருங்கள். பார்த்துச் சொல்லுங்கள்.

நள்ளிரவு_டெர்மினல்

மல்லிகை, பெயரில் பாதியை என்னிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள், இருக்கட்டும். ஆப்பிள் லேப்டாப்பிலும் இதே மாதிரிக் கூத்து உண்டு. சில வருடத்து மேக்புக்குகளில் உள் கீபோர்டு எஸ்பிஐ பஸ்ஸில் இருக்கிறது, அதற்கான டிரைவர் 2019இல் 5.3 கர்னலில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய லைவ் சிடி எதைப் போட்டாலும் கீபோர்டு பேசாது, டிஸ்ட்ரோவைத் திட்டிப் பயனில்லை.

மல்லிகை_டெர்மினல்

புது கர்னல் உள்ள ஐஎஸ்ஓ போட்டேன், முதல் பூட்டிலேயே உள் கீபோர்டு வந்துவிட்டது. மிக்க நன்றி தாத்தா. நான் கிளம்புகிறேன், இழை அரைகுறையாருக்கே.

அரைகுறை_லினக்ஸ்

தாத்தா, மவுஸ் அம்பு நகர்கிறது!! கீபோர்டும் வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி டேப் தட்டி வரியின் கடைசியில் சேர்த்தேன். பின்பக்கத்தில் கறுப்பு யுஎஸ்பி துளைகள் எல்லாம் ஓடுகின்றன. நீல நிறத் துளை இரண்டு மட்டும் இன்னும் ஊமை. நெட்டும் வரவில்லை.

இதற்குள் பிஎஸ்/2 கீபோர்டும் வந்து சேர்ந்தது. அதை மாட்டி, எந்தச் சொல்லும் சேர்க்காமல் பூட் செய்து பார்த்தேன். டெர்மினலில் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுத்தால் யுஎஸ்பி வரிகளாகக் கொட்டுகிறது. எல்லாம் டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -110 என்றே திரும்பத் திரும்ப வருகிறது.

பெங்குவின்_தாத்தா

அந்த 110ஐக் கொண்டுவந்தது நல்லது. 'கேட்டேன், பதில் வரவில்லை, நேரம் முடிந்தது' என்று அதற்குப் பொருள். கர்னல் கீபோர்டைப் பார்த்து 'நீ யார்' என்று கேட்கிறது, கீபோர்டு சொன்ன பதில் ராமுக்கு வந்து சேரவில்லை. இதுவே -71 என்று வந்திருந்தால் முதலில் கேபிள், ஹப், மின்சாரம் குறைவு இவற்றைச் சந்தேகித்திருப்பேன்.

ஐஓஎம்எம்யூ=சாஃப்ட் என்றால் வன்பொருளை விட்டுவிட்டு மென்பொருளே இடைத்தாங்கல் வைத்து ராம் பரிமாற்றத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதி பயாஸில். இந்தப் போர்டுகளில் நீலத் துளைகளும் நெட்வொர்க்கும் சிப்செட்டுக்கு வெளியே தனித்தனி சிப்பிலிருந்து வருபவை. பயாஸில் சிப்செட் அல்லது பெரிஃபெரல்ஸ் பக்கத்தில் ஐஓஎம்எம்யூ கன்ட்ரோலர் என்று ஒரு வரி இருக்கும். அதை 'எனேபிள்' செய்து, எஃப்10 அடித்துச் சேமித்து, மறுபடி டிவிடியில் பூட் செய்யுங்கள். முதலில் கூடுதல் சொல் இல்லாமல், அப்புறம் சொல்லோடு.

சர்வீஸ்_கடை

பயாஸுக்குள் போகும்போது 'லெகசி யுஎஸ்பி'யை யாரும் தொட வேண்டாம். அதை அணைத்துவிட்டால் அடுத்த தடவை யுஎஸ்பி கீபோர்டு பயாஸுக்குள்ளேயே வேலை செய்யாது. அப்புறம் பிஎஸ்/2 கீபோர்டு, இல்லையென்றால் பயாஸ் அமைப்பை அழிக்க போர்டில் உள்ள சீமாஸ் ஜம்பர் என்று அலைய வேண்டும். 'ஃபாஸ்ட் பூட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். சில போர்டுகளில் அது யுஎஸ்பியை எழுப்பாமலே தாண்டிப் போகும், மெனுவில்கூட கீபோர்டு வராது.

அரைகுறை_லினக்ஸ்

இருந்தது, டிசேபிள் என்றே இருந்தது. எனேபிள் செய்தேன். கூடுதல் சொல் இல்லாமல் பூட் செய்ததில் கறுப்புத் துளைகள் வந்தன, நெட் வந்தது, நீலத் துளைகளில் ஒன்று தகராறு செய்தது. சொல்லையும் சேர்த்ததும் எல்லாம் வந்துவிட்டன. பென்டிரைவ் செருகினேன், திறக்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. விண்டோஸில் ஏன் ஒரு முனகல்கூட இல்லை?

பெங்குவின்_தாத்தா

விண்டோஸ் 7 அந்த ஐஓஎம்எம்யூ பக்கமே போகாது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். விண்டோஸில் ஓடுகிறதா என்று மட்டும் சோதித்துவிட்டு போர்டை விற்றால் இந்தக் குறை வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. அதே விண்டோஸ் 7ஐ 2015க்குப் பிறகு வந்த போர்டுகளில் நிறுவப் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய இஎச்சிஐ கன்ட்ரோலரை எடுத்துவிட்டு எக்ஸ்எச்சிஐ மட்டும் வைத்த போர்டுகள் வந்தன. விண்டோஸ் 7 டிவிடியில் அதற்கு டிரைவர் கிடையாது. மொழி தேர்வு செய்யும் திரையில் கீபோர்டும் இல்லை, மவுஸும் இல்லை, இதே காட்சிதான்.

ஒற்றைவிரல்_தட்டச்சர்

வருங்காலத்தில் தேடி வருபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். கேப்ஸ் விளக்கு ஒழுங்காக மாறுகிறது, ஆனால் எழுத்து மட்டும் வரவில்லை என்றால் மேற்சொன்ன எதுவும் வேண்டாம். ஷிஃப்டை எட்டு வினாடி பிடித்துக்கொண்டால் 'ஸ்லோ கீஸ்' விழித்துக்கொள்ளும் வசதி சில டெஸ்க்டாப்புகளில் உண்டு. கீபோர்டு மேல் புத்தகம் எதையாவது வைத்தாலும் ஆகும். அதன்பின் ஒவ்வொரு விசையையும் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். மறுபடி ஷிஃப்டை எட்டு வினாடி பிடித்தால் போய்விடும். அதுவும் இல்லையென்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 சேர்த்து அடியுங்கள். கறுப்புத் திரையில் லாகின் வந்து அங்கே தட்ட முடிந்தால் கர்னல் சுத்தம், எக்ஸ் பக்கம்தான் தேட வேண்டும்.

வேகமானி

சரி தாத்தா, ஒப்புக்கொள்கிறேன், ஏசிபிஐ பாவம். ஆனால் நிறுவிய பிறகு ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லைத் தட்ட வேண்டுமா?

பெங்குவின்_தாத்தா

வேண்டாம். உபுண்டு வகையறாவில் மெனு வரியின் கடைசியில் மூன்று சிறு கோடு (---) இருக்கும். அதற்குப் பின்னால் எழுதிய சொல்லை நிறுவியும் தன்னோடு எடுத்துக்கொண்டு போய் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிடும். இருந்தாலும் சரிபார்த்துவிடுங்கள். நிறுவி முடித்து முதல் பூட்டில் /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலை ரூட் உரிமையோடு திறந்து, லினக்ஸ் டிஃபால்ட் என்று பெயர் முடியும் வரியில் மேற்கோளுக்குள் ஐஓஎம்எம்யூ=சாஃப்ட் இல்லையென்றால் சேர்த்து, அப்டேட்-கிரப் கொடுத்தால் போதும். பிறகு கர்னல் மாறினாலும் கூடவே வரும்.

போர்டில் உள்ள பட்டன் செல்லையும் மாற்றிவிடுங்கள் தம்பி. பரணில் கிடந்த மெஷின் என்கிறீர்கள், செல் போய்விட்டால் பயாஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பி ஐஓஎம்எம்யூ மறுபடி டிசேபிள் ஆகிவிடும். சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

அரைகுறை_லினக்ஸ்

செல் மாற்றிவிட்டேன், மின்ட் நிறுவியாயிற்று. மூன்று கோட்டுக்குப் பின்னால் எழுதியது அப்படியே கிரப் ஃபைலில் வந்திருந்தது. பையன் ப்ளூடூத் கீபோர்டு ஒன்று வைத்திருக்கிறான், அதை இதில் மாட்டலாமா என்று கேட்கிறான்.

சர்வீஸ்_கடை

மாட்டலாம், யுஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் ஒன்று வாங்க வேண்டும். ஆனால் டெஸ்க்டாப் வந்து ஜோடி சேர்ந்த பிறகுதான் அது பேசும். பயாஸிலும் கிரப் மெனுவிலும் வராது. டப்பாவில் குட்டி ரிசீவரோடு வரும் வயர்லெஸ் கீபோர்டு வேறு. அது சாதாரண யுஎஸ்பி கீபோர்டாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும், மெனுவிலும் ஓடும். எதற்கும் வயர் உள்ளதை மெஷின் பக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.